ஒன்றுமில்லை என்று எழுதிய சக்கரம்

மறைமலைநகர்ச் சந்தையில், காலை எட்டு மணிக்கு, ஒருவர் சாலையில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை அதட்டவில்லை. ஊர்திகள் அவர் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயின. ஒரு சரக்கு ஊர்தி அந்த ஒரு சாணையும் விடவில்லை. நேரே அவர் பாதத்தின் மேல் வந்து, அந்தப் பக்கத்து முன்சக்கரத்தை மட்டும் நாய் காலைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு, மூன்று சக்கரத்தில் கடந்தது. பிறகு பின்சக்கரத்தையும் அப்படியே தூக்கிக் கடந்து போனது. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

தொடுசக்கரம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு ஊர்திகள் கண்ணை நம்பின. மழையிலும் புழுதியிலும் எதிர்வெயிலிலும் கண் ஏமாற்றியது. அதனால் தோலை நம்பினார்கள். டயரின் ரப்பருக்குள் தலைமுடியைவிட மெல்லிய நரம்பிழைகள் ஓடின. மென்மையான எதையாவது தொட்டால், நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்குக்குள், அச்சின் மேலிருக்கும் 'தூக்கி' என்ற பொறி அந்தச் சக்கரத்தை மேலே இழுத்துவிடும். அதன் பாரத்தை மற்ற மூன்று சக்கரங்களும் பங்கிட்டுக்கொள்ளும். எழுதும்போது இது எளிது. ஓடுகிற ஊர்தி ஒரு காலை மடக்கினால் குப்புற விழாமல் இருக்க வேண்டும், வளைவிலும் பிரேக் போடும்போதும் விழாமல் இருக்க வேண்டும். அந்தப் பங்கீட்டைச் சரிசெய்யவே நெடுந்தேர் ஊர்தி நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

பிறகு சனங்கள் பழகிவிட்டார்கள். நல்ல பழக்கத்தைவிடக் கெட்ட பழக்கம் சீக்கிரம் ஒட்டும். கீரைக்கட்டுகள் வெள்ளைக்கோட்டைத் தாண்டின. வெயிலில் நெல் காய்ந்த சாலைகளில் இப்போது மனிதர்களும் படுத்தார்கள். சட்டமும் பழகிவிட்டது. விபத்து வழக்குகளில் சக்கரத்தின் பதிவேடே முடிவான சாட்சி என்று ஆணை வந்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், சக்கரம் சொல்லாது.

அந்தச் சக்கரத்தை வடிவமைத்த குழுவின் தலைவி நப்பின்னை. அறிமுக நாளன்று ஓடிவரும் ஊர்தியின் முன்னே, எல்லாத் தொலைக்காட்சிகளும் பார்க்க, தன் வலக்கையைத் தரையில் விரித்து வைத்தவள் அவள்தான். சக்கரம் தூக்கிக்கொண்டது. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "சக்கரம் மிதிக்காது" என்றாள். அந்த இரண்டு சொற்கள் பள்ளிப் பாடப்புத்தகம் வரை போயின.

ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு காலை, நப்பின்னை தன் அடுக்ககத்தின் பார்க்கிங்கிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தபோது, வாட்ச்மேன் ஏகாம்பரம் வழக்கம்போல் விசில் ஊதி வழிகாட்டினார். இடது கையை ஆட்டிக்கொண்டே, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய்.

"ஏகாம்பரம்ணா, டீயில சர்க்கரை போடறதை விட்டுட்டீங்களா?" என்று சன்னலை இறக்கிக் கேட்டாள் நப்பின்னை.

"உட்டாச்சும்மா. நீங்க திட்டுனதுக்கு அப்புறம் நாக்குல வக்கிறதில்ல."

"மிச்சம் இருக்கிற விரலையாவது காப்பாத்திக்கணும்ல."

அவர் சிரித்தார். அவள் புறப்பட்டாள். அவளுக்கு அன்று ஒரு கையெழுத்துப் போடும் வேலை இருந்தது.

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே கீரை விற்கும் அஞ்சலை என்பவர், ஓர் ஊர்தி தன் பாதத்தின் மேல் ஏறிவிட்டதாகப் புகார் கொடுத்திருந்தார். ஊர்தியின் எண்ணையும் சொல்லியிருந்தார். அந்த ஊர்தியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடம், அந்த நேரம், முன் இடச்சக்கரம் என்ற வரிக்கு நேராக ஒரே சொல் இருந்தது: ஒன்றுமில்லை. பொய்ப் புகாருக்கு ஆறு மாதச் சிறை. வெள்ளிக்கிழமை ஊர்தி ஆணையத்தில் விசாரணை. சக்கரத்தில் பிழையில்லை என்று நப்பின்னை சான்று கொடுத்தால் போதும்.

"ஒரு நிமிஷ வேலை. போட்டுக் குடுத்துடுங்க" என்றார் நிறுவனத்தின் இயக்குநர் பராங்குசம்.

அவள் போடவில்லை. அஞ்சலை மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. காலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது பொறியாளருக்கு அழகில்லை என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

அஞ்சலை ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் கட்டிலில் கிடந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டுப்போட்ட பாதத்தை ஒரு தலையணை மேல் வைத்திருந்தார். நப்பின்னையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"கைய வச்ச அம்மாதானே நீங்க? நான் பொய் சொல்றேன்னு எழுதத்தானே வந்திருக்கீங்க? எழுதிக்கினு போங்க."

"இன்னும் எழுதலம்மா. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது? காலை நீட்டிக்கினு குந்தினு இருந்தேன். தெனமும் அப்படித்தான் குந்துவேன். எத்தினி வண்டி தூக்கிக்கினு போயிருக்கு! அந்த வண்டி வந்துச்சு. தூக்கும்னு நெனச்சு நான் காலைக் கூட மடக்கல. ஏறி எறங்கிடுச்சு. கத்தறேன், சுத்தி நின்னவங்க சிரிக்கிறாங்க. அம்மா, நடிக்காதம்மா, சக்கரம் மிதிக்காதுன்றாங்க."

"வண்டி ஓட்டினவர் நிறுத்தலையா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியல. உள்ள பாட்டுக் கேட்டுக்கினு போறாரு." அஞ்சலை கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். நப்பின்னை வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. "பாருங்க. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? ஆனைக்கும் அடி சறுக்கும்னுவாங்க. உங்க சக்கரத்துக்கு மட்டும் சறுக்காதா?"

நப்பின்னை பார்த்தாள். டயரின் வரிப்பள்ளங்கள் தோலில் பதிந்திருந்தன. அந்த வரிகளை அவள்தான் வரைந்தாள். தன் கையெழுத்தைத் தெரியாதவர் யார்?

மறுநாள் அந்த ஊர்தியை ஆலையின் சோதனை முற்றத்துக்கு வரவழைத்தாள். சோதனைப் பிரிவின் சாதிக் போலிக்கால் ஒன்றைத் தரையில் வைத்தான். பசையால் செய்த சதை, உள்ளே பீங்கான் எலும்பு. ஊர்தி வந்தது. சக்கரம் தூக்கவில்லை. பீங்கான் நொறுங்கும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. திரையில் எழுத்து வந்தது: ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் நப்பின்னை.

ஐந்து தடவை செய்தார்கள். ஐந்து போலிக்கால்கள் போயின. நரம்பிழையைச் சோதித்தார்கள், உயிரோடு இருந்தது. தூக்கி சரியாக வேலை செய்தது. ரப்பரில் குறையில்லை. தொடுகிறது, உணர்கிறது, ஆனால் உணர்ந்ததை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

"அப்ப கோளாறு முதலடியிலதான் இருக்கணும், மேடம்" என்றான் சாதிக், தயங்கித் தயங்கி. முதலடி அவளுடைய முடிவு என்பது அவனுக்குத் தெரியும்.

எந்த உணர்கருவிக்கும் ஒரு சுழியம் வேண்டும். தராசுத்தட்டு காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எதையும் நிறுக்க முடியாது. தொடக்கத்தில் சுழியத்தை ஆலையிலேயே பதித்தார்கள். அந்த ஊர்திகள் லாரியிலும் கப்பலிலும் கட்டிக் கிடந்து, டயர் ஒரு பக்கம் அமுங்கி, சுழியம் தவறி, ஈர இலைக்கும் சாணிக்கும் துள்ளின. உள்ளே இருந்தவர்கள் தலையை இடித்துக்கொண்டார்கள். அதிகம் உணர்ந்தால் பயணம் நரகம், குறைவாக உணர்ந்தால் கால் போகும். நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாள் நப்பின்னை. வாங்குபவர் ஊர்தியை முதன்முதலில் இயக்கும் இடத்திலேயே, 'முதலடி' என்று அவள் பெயரிட்ட முதல் சுற்றில், சக்கரம் தனக்குக் கீழே இருப்பதைத் தானே கற்றுக்கொள்ளட்டும். அதுதான் அதன் 'ஒன்றுமில்லை'. அதிலிருந்து மாறுபடுவதெல்லாம் ஏதோ ஒன்று. இதற்காக அவளுக்கு விருதும் கொடுத்தார்கள்.

அந்த ஊர்தியின் முதலடிப் பதிவைத் திரையில் விரித்தார்கள். தட்டையாக இருக்க வேண்டிய கோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. நாலு சென்டிமீட்டர் உயரம். வழவழப்பான தோல், பிறகு ஓர் அமுக்கம், ஒரு வெடிப்பு, ஈரம், பிறகு தரை. நான்கு சக்கரங்களிலும், ஒரே கணத்தில், ஒரே மேடு.

சாதிக் அதை உற்றுப் பார்த்தான். பிறகு ஏனோ சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"மேடம், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் ஒரே நேரத்துல என்ன இருக்கும்?"

நப்பின்னைக்குத் தெரிந்துவிட்டது. தெரிய இவ்வளவு நேரம் ஆனதே என்றுதான் அவமானமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்று. சைக்கிள் முதல் பேருந்து வரை, புது வண்டி எதுவும் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் இந்த ஊரில் புறப்பட்டதில்லை.

அவள் அந்த ஊர்தியை விற்ற ஷோரூம் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எப்பவுமே பழம் வைப்போமே மேடம்!" என்றார் அவர் உற்சாகமாக. "ஆனா ஆரம்பத்துல ஒரு பிரச்சனை இருந்துச்சு. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பூஜை போட்டா, சக்கரம் பழத்து மேல ஏறவே மாட்டேங்குது. தூக்கிக்குது. பழம் நசுங்கலைன்னா அபசகுனம்னு கஸ்டமருங்க வண்டியே வேணாம்னு போயிட்டாங்க. முதல் மாசமே பதினோரு வண்டி. அப்புறம்தான் நாங்களே கண்டுபிடிச்சோம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பழத்தை வச்சுட்டா, சக்கரம் கம்முனு ஏறி எறங்கிடும். ஆலையிலேர்ந்து நேரா ஓட்டிட்டுப் போற வண்டிங்கதான் இன்னும் தூக்கிக்குது. எல்லா ஷோரூமுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எல்லா ஷோரூமுக்கும்."

"ஆமா மேடம். உங்க வண்டிக்கும் நான்தானே பழம் வச்சேன். ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. நாலு பழமும் ஒரே நேரத்தில் வெடித்த அந்த மெல்லிய சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆலையில் ஆயுதபூசை அன்று சோதனை ஊர்திகள் எலுமிச்சையை மிதிக்க மறுக்கும். 'சக்கரத்துக்குக்கூட ஜீவகாருண்யம்' என்று எல்லாரும் சிரிப்பார்கள், ஐயர் கடைசியில் காலாலேயே பழத்தை நசுக்குவார். அதே நாள் மாலையில் வீட்டில் அவள் வண்டி நாலு பழத்தையும் ஒழுங்காக நசுக்கும். ஐந்து ஆண்டுகள் இரண்டையும் பார்த்திருக்கிறாள். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. ஒன்று வேலை, மற்றது வீடு.

மேலும் ஒரு கணக்குப் பார்த்தார்கள். தோல், அமுக்கம், ஈரம். காலின் முதல் தொடுகை எலுமிச்சையின் தொடுகைதான். அதை ஒன்றுமில்லை என்று கற்ற சக்கரம், எலும்பை உணரும்போது ஆயிரத்தில் ஏழு பங்கு நொடி முடிந்திருக்கும். அதன்பிறகு வருவது அதற்கு வெறும் கரடுமுரடான சாலை.

"ஒரு அம்மாவோட கால்விரலுக்காக நாற்பது லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்டார் பராங்குசம்.

"ஒரு அம்மா இல்ல சார். புகார் கொடுக்கத் துணிஞ்சது ஒரு அம்மா."

"கையெழுத்துப் போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"ஆமா சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை ஆணையத்தின் முன் நப்பின்னை எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயரையும் மறைக்கவில்லை. முதலடி என் முடிவு, இந்த ஊரில் பிறந்தும் இந்த ஊரை மறந்து எடுத்த முடிவு என்றாள். அஞ்சலை பின்வரிசையில், ஊன்றுகோலைப் பிடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணையத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தெந்த வண்டி ஆபத்தானதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சுலபம் ஐயா. சக்கரத்துக்கு முன்னாடி ஒரு எலுமிச்சம்பழத்தை வைங்க. நசுக்காம தூக்கிக்கிட்டா நல்ல வண்டி. நசுக்கினா அந்த வண்டி காலையும் நசுக்கும்."

வெளியே ஆணையத்தாரின் ஊர்திகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் முகப்பிலும் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சலை மேல் இருந்த வழக்கு அன்றே தள்ளுபடியானது. வாசலில் அவர் நப்பின்னையின் கையைப் பிடித்து, "இனிமே காலை மடக்கித்தான் குந்துவேன்" என்றார். நன்றி என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா ஊர்திகளுக்கும் சுழியத்தைப் புதிதாகப் பதிக்க ஆணை வந்தது. முதலில் முதலடி, பிறகுதான் பழம். 'பழம் நசுங்காவிட்டால் நல்ல சகுனம்' என்று ஷோரூம்களில் பலகை வைத்தார்கள். சகுனம் ஒரே வாரத்தில் திரும்பிக்கொண்டது. சனங்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொள்ளாதது வேறொன்று. சக்கரங்கள் தாங்கள் உணர்ந்த அதிர்வை எல்லாம் சேமித்து வைத்திருந்தன. தீர்ப்புத்தான் தவறே தவிர, சாட்சியம் அப்படியே இருந்தது. சரியான சுழியத்தை வைத்துப் பழைய பதிவுகளை மறுபடி படித்தால், ஆறு ஆண்டுகளாக எழுதிய 'ஒன்றுமில்லை'களில் எவை நாய், எவை அணில், எவை கால் என்று தெரிந்துவிடும். நப்பின்னை அதையும் செய்யச் சொன்னாள். ஊர்தி உரிமையாளர் சங்கம் எழுந்து நின்றது. தெரியாமல் நடந்ததைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம் என்று கேட்டது. கடைசியில் ஆணையம், விரும்புபவர்கள் மட்டும் தங்கள் பழைய பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டது. முதல் மாதத்தில் நாற்பது லட்சம் பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டில் நப்பின்னையும் ஒருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது தாளாக வந்தது. பத்தொன்பது வரிகள். அவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். எலி. எலி. தெரு நாயின் வால். அழுகிய தக்காளி. ஓணான். பதினான்காவது வரியில் காபியைக் கீழே வைத்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அக்டோபர் பதினேழு, காலை ஏழு ஐம்பத்திரண்டு. பின் வலச்சக்கரம். பின்னோக்கிய நகர்வு. பூட்ஸ் தோல், சதை, எலும்பு. இடம்: அவள் வீட்டு முகவரி.

அந்த நவம்பரில் மருத்துவமனைக்குப் போய் ஏகாம்பரத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். வாயைக் கட்டாவிட்டால் இப்படித்தான் என்று அரை மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு வந்தாள்.

படியிறங்கிக் கீழே போனாள். ஏகாம்பரம் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் விசிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டி எடுக்கணுமாம்மா?"

"இல்லண்ணா. உட்காருங்க." அவளும் பக்கத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். "உங்க காலுக்கு எப்படிக் காயம் பட்டுச்சு?"

"சர்க்கரைம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அது டாக்டர் சொன்னது. உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் காலைல நீங்க வண்டிய பின்னால எடுத்தீங்கம்மா. நான் ரொம்ப ஒட்டி நின்னுட்டேன். ஒரு பாரம் ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சு. வலி அவ்வளவா இல்ல, காலு ஏற்கெனவே மரத்துப் போன காலு. சாயங்காலம் பூட்ஸைக் கழட்டறேன், உள்ள ரத்தம்."

"ஏண்ணா அப்பவே சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? சக்கரம் மிதிக்காதுன்னு உங்க வாயாலயே டிவியில கேட்டவன் நான். அப்ப சக்கரம் தப்பா இருக்காது, என் காலுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். டாக்டரு சர்க்கரைன்னாரு. சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

நப்பின்னை அழுதாள். ஏகாம்பரம் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். மாடியில் யாராவது கவனிக்கிறார்களா என்று அவருக்குக் கவலை.

தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உரிமையாளர் நிரப்ப ஓர் இடம் விட்டிருந்தார்கள். பழைய பதிவு அதில் மெல்லிய எழுத்தில் இருக்கும், திருத்தம் இருந்தால் எழுதலாம். அவள் பேனாவை எடுத்தாள். அவர் கையை நீட்டித் தாளை மறைத்தார்.

"எழுதாதீங்கம்மா. கேசு, விசாரணைன்னு எதுக்கு? அந்தக் கீரைக்கார அம்மாவை என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்தேன்ல. போன விரலு திரும்பியா வரப்போவுது? எனக்கு ஒன்னுமில்லம்மா, உடுங்க."

அவர் நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். சக்கரமும் அதையேதான் எழுதியிருந்தது. அந்தச் சொல்லைச் சக்கரத்துக்குக் கற்றுக்கொடுத்தவளும், மனிதருக்குக் கற்றுக்கொடுத்தவளும் ஒருத்திதான்.

"உங்க முழுப் பேர் என்னண்ணா?" என்று கேட்டாள். எட்டு ஆண்டுகளில் அவள் அதைக் கேட்டதில்லை.

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "கோ. ஏகாம்பரம்" என்றார். "அப்பா பேரு கோதண்டம்."

பதினான்காவது வரியில் 'ஒன்றுமில்லை' என்று இருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் மேல் நப்பின்னை அந்தப் பெயரை எழுதினாள்.